சூடானால் ஸ்டார்ட் ஆகாத பழைய லோரி: பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். வண்டி தொண்ணூறுகளில் வந்த இசுசு என்எச்ஆர், 4ஜேபி1 டீசல் எஞ்சின். காலையில் சாவியைத் திருப்பியவுடன் எடுத்துக்கொள்கிறது. பினாங்குப் பாலம் ஏறி, ஜாமில் ஊர்ந்து, ஜெலுத்தோங் பக்கம் போய் எஞ்சினை நிறுத்திச் சாமான் இறக்கிவிட்டு இருபது நிமிடம் கழித்துத் திருப்பினால் சுற்றுகிறது, சுற்றுகிறது, எடுக்க மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரி மாற்றியாகிவிட்டது, குளோ பிளக் நான்கும் மாற்றியாகிவிட்டது, டீசல் ஃபில்டரும் புதுசு. ஒரு போர்மேன் (மெக்கானிக்) ஸ்டார்ட்டர் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் டீசல் பம்ப் போய்விட்டது என்கிறார். "அண்ணே, யார் சொல்வதைக் கேட்பது?" என்பதுதான் கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால் என் முதல் சந்தேகம் பம்ப், இரண்டாவது ஸ்டார்ட்டர். ஆனால் என் சந்தேகத்தை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பத்து வெள்ளிகூட ஆகாது. ஒரே ஒரு நிபந்தனை, வண்டி சூடாக இருக்கும்போது, அது அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். இந்த நோயில் பலருக்கும் பணம் வீணாவது இங்கேதான். மாலையில் பெங்கேலில், அதாவது பட்டறையில், கொண்டுபோய் விடுகிறோம், அவர் மறுநாள் காலையில் திருப்பிப் பார்க்கிறார், ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் அவர் என்ன செய்வார்? வழக்கமாக என்ன போகுமோ அதை மாற்றுவார். குளிர்ந்த வண்டியில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. நிறுத்திய பத்தாவது நிமிடத்திலிருந்து முப்பது நாற்பது நிமிடம் வரைதான் அது வெளியே தலைகாட்டும். அதற்குள் பிடித்தால்தான் உண்டு.

முதலில் குளோ பிளக் கதையை முடித்துவிடுவோம். அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்ளறையைச் சூடாக்கிக் கொடுக்கிற சாமான். 4ஜேபி1 நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் வகை, நம் ஊர் வெயிலுக்குக் குளோ பிளக் பாதி செத்திருந்தாலும் காலையில் எடுத்துக்கொள்ளும். சூடான எஞ்சினுக்கு அது தேவையே இல்லை. டீசல் எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவதுதான் எளிது. அழுத்தத்தில் காற்று சூடாவதற்கு இரும்பும் துணை செய்கிறது. அந்த எளிதான நேரத்தில் எடுக்கவில்லை என்றால் ஒன்று எஞ்சின் போதுமான வேகத்தில் சுற்றவில்லை, அல்லது டீசல் போதுமான அழுத்தத்தில் உள்ளே போகவில்லை. மற்ற காரணங்களும் உண்டு, ஆனால் அவை அபூர்வம், பின்னால் சொல்கிறேன்.

எது என்று கண்டுபிடிக்க முதல் கருவி உங்கள் கைபேசிதான். நாளை காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். உடனே எடுத்துவிடும் என்பதால் சுற்றும் சத்தம் ஓரிரு நொடிதான் கிடைக்கும், அது போதும். அப்புறம் ஜெலுத்தோங்கில் அடம்பிடிக்கும்போது இன்னொரு பதிவு. இரண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்கள். சூட்டில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து, மூச்சு வாங்குகிற மாதிரி சுற்றினால் மின்சாரப் பக்கம் பாருங்கள். இரண்டிலும் ஒரே வேகம், ஒரே தாளம், ஆனால் எடுக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டரை விட்டுவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் "சுற்றுகிறது, சுற்றுகிறது" என்று எழுதியிருப்பதால்தான் நான் பம்ப் பக்கம் சாய்கிறேன். ஆனால் காதுக்குக் கொஞ்சம் மெதுவாவது எளிதில் பிடிபடாது, அதனால்தான் பதிவு.

சரி, மெதுவாகத்தான் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். செம்புக் கம்பிக்கு ஒரு குணம், சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும், ஒரு டிகிரிக்கு 0.4 விழுக்காடு அளவில். 30 டிகிரியில் இருந்த ஸ்டார்ட்டர் எஞ்சின் சூட்டில் 90 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கும் செம்புச் சுற்றின் தடை கால் பங்குக்குக் கிட்டக் கூடிவிடும். நல்ல ஸ்டார்ட்டர் இதைச் சமாளிக்கும். புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் பாகம்) பக்கத்தில் உரசுகிற ஸ்டார்ட்டர், மின்சாரம் கொடுக்கும் கார்பன் குட்டையாகிப்போன ஸ்டார்ட்டர், இவை குளிரில் எப்படியோ ஒப்பேற்றிவிட்டு சூட்டில் படுத்துவிடும். ஆனால் ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள். பழைய லோரியில் பத்துக்கு ஐந்து கேஸ் எர்த் கேபிள்தான் என்று அடித்துச் சொல்லும் போர்மேன்கள் உண்டு, கணக்கு சரியோ இல்லையோ, எண்ணம் சரி.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். உங்கள் வண்டியில் பேட்டரி ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒன்று என்றால் 12 வோல்ட், தொடராகக் கட்டிய இரண்டு என்றால் 24, அப்போது நான் சொல்லும் எண்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது பேட்டரி முனையில் 12.6 இருக்க வேண்டும். சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கிறது. பேட்டரியில் 10.5 நிற்கிறது, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் மின்சாரம் வழியில் தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிடிவ்மேல், மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்மேல் வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ முனையோ கெட்டிருக்கிறது. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் உடம்புக்கு, இங்கே 0.3-க்கு மேல் போகக்கூடாது. பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு ஒரு எர்த், சேசிஸிலிருந்து எஞ்சினுக்கு இன்னொரு எர்த் இருக்கும். இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ரப்பர் உறைக்குள்ளே பச்சையாகப் பூத்துக் கிடக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும், பினாங்கில் நான் சொல்லியா தெரிய வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து சூட்டில் மட்டும் மெதுவாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரைக் கழற்றி, வயரிங் கடையில் புஷ், கார்பன், சோலினாய்டு (மின்காந்த சுவிட்ச்) உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்க அவசரப்பட வேண்டாம். இந்தப் பழைய ஜப்பான் ஸ்டார்ட்டர்களின் உடம்பு நன்றாகவே இருக்கும், உள்ளே தேய்கிற சாமான் மட்டும் மாற்றினால் வருஷக்கணக்கில் ஓடும்.

இப்போது முக்கியமான பக்கம். வேகம் ஒன்றுதான், எடுக்கவில்லை. அப்போது உதவியாளரைச் சுற்றச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய் எக்ஸாஸ்டைப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை, அல்லது நோசிலை, அதாவது சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் முனையை, திறக்கிற அளவுக்குப் போகவில்லை. உங்கள் கேஸில் பெரும்பாலும் புகை இருக்காது அல்லது மெல்லிய இழை மாதிரி வரும் என்று நினைக்கிறேன்.

ஏன் சூட்டில் மட்டும்? உங்கள் எஞ்சினில் இருப்பது விஇ வகைப் பம்ப், பாஷ் கண்டுபிடித்த வடிவம். ஜப்பானில் டீசல் கிக்கி என்ற நிறுவனம் உரிமம் வாங்கிச் செய்தது, 1990-இல் அது ஜெக்சல் என்று பெயர் மாற்றிக்கொண்டது, உங்கள் பம்பின் தகட்டில் இரண்டில் ஒரு பெயர் இருக்கும். இந்தப் பம்பில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளஞ்சர்தான், டீசலைத் தள்ளும் தண்டு. அது சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தள்ளுகிறது. அந்த பிளஞ்சருக்கும் அது ஓடும் ஹெட்டுக்கும் (பம்பின் பின்தலை) இடையில் ரப்பரோ சீலோ எதுவும் கிடையாது. இரும்புக்கு இரும்பு, சில மைக்ரான் இடைவெளி, அவ்வளவுதான். அந்த இடைவெளியை அடைப்பதும் டீசல், மசகு போடுவதும் டீசல்.

முப்பது வருஷ ஓட்டத்தில் அந்த இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கும். டீசல் குளிராக இருக்கும்போது கெட்டியாக இருப்பதால் கசிவு குறைவு. சூடாகும்போது டீசல் நீர்த்துவிடும். 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 80, 90 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். தள்ளுகிற டீசலில் ஒரு பங்கு பிளஞ்சரைச் சுற்றிப் பின்பக்கமாகவே கசிந்து போய்விடும். இந்த மாதிரி எஞ்சினில் நோசில் திறக்க 180 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும், அது ஏறாது.

"அப்படியென்றால் ஓடும்போது ஏன் நன்றாக ஓடுகிறது?" என்று கேட்பீர்கள். வேகம்தான் காரணம். எஞ்சின் 2000 சுற்றில் ஓடும்போது பம்ப் 1000 சுற்று, பிளஞ்சர் நிமிடத்துக்கு 4000 தடவை தள்ளுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் 200 சுற்று என்று வைத்துக்கொண்டால் பிளஞ்சர் 400 தடவைதான். ஒவ்வொரு தள்ளலும் பத்து மடங்கு மெதுவாக நடக்கிறது, கசிவதற்குப் பத்து மடங்கு நேரம் கிடைக்கிறது. வாசர் தேய்ந்த சைக்கிள் பம்பை மெதுவாக அமுக்கினால் காற்று பின்னாலேயே போய்விடும், வேகமாக அமுக்கினால் டயருக்கு ஏறும், அதே கணக்கு. இன்னொன்று, ஓடும்போது தொட்டியிலிருந்து புது டீசல் பம்புக்குள் வந்து மிச்சம் தொட்டிக்கே திரும்புவதால் பம்ப் ஓரளவு குளிர்ச்சியாகவே இருக்கும். எஞ்சினை நிறுத்தியவுடன் அந்த ஓட்டம் நிற்கிறது, காற்றாடி நிற்கிறது, தண்ணீர் நிற்கிறது. எஞ்சின் கட்டையின் சூடு முழுவதும் பக்கத்தில் இருக்கும் பம்புக்குள் ஏறுகிறது. அதனால்தான் நிறுத்திய ஒரு நிமிடத்தில் திருப்பினால் எடுத்துவிடும், இருபது நிமிடத்தில் எடுக்காது, ஒரு மணி நேரத்தில் மறுபடி எடுக்கும். நீங்கள் எழுதியிருக்கும் கதை அப்படியே இதுதான்.

இதை உறுதி செய்ய ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர். வண்டி எடுக்க மாட்டேன் என்ற பிறகு, சாவியை அணைத்துவிட்டு, எஞ்சின் நின்ற நிலையில், கேபினையோ சீட்டையோ தூக்கி (உங்கள் மாடல் எப்படியோ அப்படி, கேபின் சாய்ந்தால் தாங்குகம்பி பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்) பம்பின் பின்தலையில், நான்கு இரும்புக் குழாய்கள் கிளம்பும் அந்த இடத்தில், ஈரத்துண்டைச் சுற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே ஐந்து பத்து நிமிடம் வைத்திருங்கள். ஆல்டர்னேட்டர் பக்கம் தண்ணீர் போக வேண்டாம். அப்புறம் திருப்புங்கள். டக்கென்று எடுத்தால் ஹெட் தேய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. ஆனால் இன்னொரு நாள், துண்டு இல்லாமல் அதே பத்து நிமிடம் சும்மா காத்திருந்து திருப்பிப் பாருங்கள். அப்போதும் எடுத்தால் துண்டால் ஆன வேலை என்று சொல்ல முடியாது. இந்த இரண்டாவது பாதியை யாரும் செய்வதில்லை, செய்தால்தான் சோதனை முழுமை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பம்ப்மேல் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். வெளி உடம்பு அலுமினியம், சட்டென்று சுருங்கினால் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஹெட் மட்டும் அல்ல, முழுப் பம்பும் போச்சு.

தள்ளி ஸ்டார்ட் செய்தால் எடுக்கிறது, அதனால் ஸ்டார்ட்டர்தான் கோளாறு என்று சொல்வார்கள். முதல் போர்மேன் அப்படித்தான் முடிவுக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அது சாட்சி ஆகாது. தள்ளும்போது எஞ்சின் ஸ்டார்ட்டரைவிட வேகமாகச் சுற்றும், தேய்ந்த பிளஞ்சரும் அந்த வேகத்தில் அழுத்தம் ஏற்றிவிடும். இரண்டு நோய்க்கும் ஒரே பதில் தருகிற சோதனை அது.

பம்பைக் கழற்றும் முன் அதன்மேலே இருக்கிற சின்ன சாமான் ஒன்றைப் பார்க்க வேண்டும், டீசலை நிறுத்தும் சோலினாய்டு. சாவி போட்டால் மின்சாரம் வந்து திறக்கும், அணைத்தால் மூடும். இதன் உள்ளே இருப்பதும் செம்புச் சுற்றுதான், பழையதாகிவிட்டால் சூட்டில் பலம் குறைந்து முழுதாகத் திறக்காது. சூடாக இருக்கும்போது சாவியை ஆனில் வைத்து அதன் ஒயரைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள், ஒவ்வொரு தொடுதலுக்கும் டிக் என்று சத்தம் வர வேண்டும். அதோடு, ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் அந்த ஒயரில் வோல்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். சாவி சுவிட்ச் தேய்ந்த வண்டிகளில் ஆனில் மின்சாரம் இருக்கும், ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பியவுடன் அறுந்துவிடும். சுற்றிச் சுற்றி எடுக்காமல், சாவியை விடுகிற அந்தக் கணத்தில் ஒரு இருமல் இருமினால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இது மலிவான கோளாறு, இதற்காகப் பம்பைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

காற்று புகும் பிரச்சினை உங்களுக்கு இருக்க வாய்ப்பு குறைவு. காற்று புகுந்தால் ராத்திரி முழுதும் நின்ற வண்டிதான் காலையில் அடம்பிடிக்கும், உங்களுடையது நேர்மாறு. இருந்தாலும் அடம்பிடிக்கும்போது ஃபில்டர்மேல் இருக்கும் கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அதில் எடுத்துவிட்டால் தொட்டியிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள வழியில்தான் கோளாறு. தொட்டிக்குள் இருக்கும் வலை அடைத்திருக்கலாம், பழைய ரப்பர் குழாய் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, பம்பிலிருந்து திரும்பும் குழாயின் போல்ட்டில் நடுவே மிகச் சின்ன ஓட்டை இருக்கும், தலையில் அவுட் என்று எழுதியிருக்கும். யாராவது ஃபில்டர் மாற்றும்போது அதையும் உள்ளே வரும் போல்ட்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் பம்புக்கே டீசல் பட்டினி. உங்கள் ஃபில்டர் இப்போதுதான் மாறியிருக்கிறது, ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நோசில் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. கேபின் சாயும் வண்டியாக இருந்தால் ஸ்டார்ட்டருக்குத் தனி பட்டன் ஒயர் போட்டுச் சுற்றுவார்கள். அரைச் சுற்றுக்கு மேல் தளர்த்தக்கூடாது, கண்ணாடி போட வேண்டும், கையைக் கிட்டே கொண்டுபோகக்கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே ஏறிவிடும். ஆனால் இந்தச் சோதனையில் டீசல் பீச்சியடித்தால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திறந்த குழாயில் எதிர்ப்பே இல்லை, தேய்ந்த பம்பும் பீச்சும். நோசிலைத் தூக்கும் அழுத்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு இதில் விடை இல்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் மட்டும் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

அபூர்வமான காரணங்கள் என்று சொன்னேனே. வால்வ் இடைவெளி: 4ஜேபி1-க்குக் குளிர்ந்த நிலையில் 0.40 மில்லிமீட்டர். வருஷக்கணக்கில் சரிபார்க்காமல் விட்டால் வால்வ் இருக்கைக்குள் இறங்கி இடைவெளி குறைந்துவிடும். சூட்டில் முழுதாக மூடாது, அழுத்தம் ஓடிவிடும். அப்போது புகை வரும், எடுக்காது. அரை நாள் வேலை, எப்படியும் செய்ய வேண்டியது. இன்னொன்று எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் (பம்பின் ஹெட் அல்ல). சூடாக நிறுத்திய பிறகு தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் கசிந்தால் ஸ்டார்ட்டர் டக் என்று முட்டி நின்று அப்புறம் சுற்றும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, எடுத்தவுடன் வெள்ளை ஆவி தள்ளுகிறது என்றால் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள், கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் நம் நாட்டில் போக்குவரத்து டீசலுக்கு பி10 கட்டாயமானது, அதாவது பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. பம்பின் மசகுக்கு அது கெடுதல் இல்லை, சொல்லப்போனால் நல்லதுதான். கந்தகம் குறைந்த டீசலுக்கு வழவழப்பு போதாது, அதை இது ஈடுகட்டுகிறது. ஆனால் பழைய தொட்டியில் படிந்திருக்கும் கசடைக் கரைத்துக் கிளப்பும், தண்ணீரையும் பிடித்துவைக்கும், பழைய ரப்பர் சீலுக்கும் ஆகாது. ஃபில்டரை முன்பைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள், அடியில் தண்ணீர் வடியுங்கள். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதிலிருந்து டிரம்மில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஒருவர் வந்துகொண்டேதான் இருக்கிறார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் டீசல் இன்னும் நீர்த்துவிடும், உங்கள் கோளாறு இரண்டு மடங்காகும், தேய்மானமும் கூடும். வாங்காதீர்கள்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பம்ப்மேல் துண்டு சுற்ற வேண்டாம். பழைய வெனட் மாதிரி கார்புரேட்டர் வண்டிகளில் கதையே வேறு. நிறுத்தியபின் ஏறும் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்துவிடும். பெடலை ஒரேயடியாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு, பம்ப் பண்ணாமல், சுற்றினால் எடுத்துவிடும். அதிலும் எடுக்கவில்லை என்றால் ஸ்பார்க் சூட்டில் போகிறதா என்று பாருங்கள், இக்னிஷன் காயில், கண்டென்சர் இரண்டும் சூட்டில் மட்டும் செத்துப் பிழைக்கும் சாமான்கள்.

உங்கள் வண்டிக்கே வருவோம். துண்டுச் சோதனையில் பம்ப் என்று தெரிந்துவிட்டால் பம்ப்மேல் இருக்கும் எரிபொருள் ஸ்குரூவைக் கொஞ்சம் திருகிவிடுகிறேன் என்று ஒருவர் வருவார். திருகினால் சூட்டில் எடுக்கும், பொய்யில்லை. கூடவே கறுப்புப் புகையும் வரும். டீசல் வண்டிக்குப் புகை அளவு 50 எச்எஸ்யூவுக்கு (புகையின் கறுப்பை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது என்று 1996 விதி இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும் லோரிக்கு இது தலைவலி. சில மாதத்தில் தேய்மானம் இன்னும் கூடிப் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். ஹாஃப் கட் கடையில் (வெட்டிக் கொண்டுவந்த பழைய வண்டிச் சாமான் விற்கும் கடை) பழைய பம்ப் வாங்கிப் போடலாமா என்றால், அதுவும் அதே வயது, குளிர்ந்த நிலையில் கையில் வைத்துப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என் கருத்தில் உங்கள் பம்பையே டீசல் பம்ப் கடையில் கொடுத்து ஹெட்டும் பிளஞ்சரும் புதுசு போட்டு, சீல் கிட் மாற்றி, பெஞ்சில் அளவு பார்த்து வாங்குவதுதான் நல்லது. ஹெட் வாங்கும்போது பிளஞ்சரின் விட்டம், சுற்றும் திசை இரண்டும் பொருந்த வேண்டும், அதனால் தகட்டில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மலிவான ஹெட்டும் கிடைக்கும். அந்த வேலையில் சாமான் விலையைவிடக் கழற்றி மாட்டும் கூலியும் வண்டி நிற்கும் நாளும் பெரிது, அதனால் அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். நோசில் நான்கையும் கூடவே கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

திரும்ப மாட்டும்போது டயல் கேஜ் வைத்து டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பார்க்கச் சொல்லுங்கள், பழைய கோட்டுக்கு நேராக வைத்து முறுக்கிவிடுவது புது ஹெட் போட்ட பம்புக்குப் போதாது.

அதுவரைக்கும் வேலை நடக்க வேண்டுமே. பாலத்தில் ஜாமில் எஞ்சினை அணைக்காதீர்கள். சாமான் இறக்கும் இடம் ஐந்து நிமிட வேலை என்றால் ஆளை வைத்துவிட்டு ஓடவிடுங்கள். நீண்ட நேரம் என்றால் நிறுத்தியவுடன் மூடியைத் திறந்துவிட்டு ஈரத்துண்டைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் நல்ல ஸ்டார்ட்டரையும் சேர்த்து எரித்துவிடுவீர்கள். ஈதர் ஸ்ப்ரே கொண்டுவந்து அடிக்க யாரையும் விடாதீர்கள். பிஸ்டன் ரிங் உடையும், குளோ பிளக் சூடாக இருந்தால் முகத்திலேயே வெடிக்கும்.

கடைக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், காசு கொடுப்பது சூட்டில் சோதித்த பிறகுதான் என்று. மாட்டி முடித்ததும் பிறையிலிருந்து ஒரு நல்ல சுற்று ஓட்டிவிட்டு வந்து, கடை வாசலிலேயே நிறுத்தி, இருபது நிமிடம் டீ குடித்துவிட்டு, அவர் முன்னால் திருப்புங்கள். எடுக்கவில்லை என்றால் அங்கேயே பேசிக்கொள்ளலாம். எடுத்தால் பழைய ஹெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், புதுசு போட்டார்கள் என்பதற்கு அதுதான் ரசீது.